சிறு முயற்சியாளரும் அரசின் ஆராய்ச்சிக் கொடையும்

புதியதொரு மருந்தோ மருத்துவக் கருவியோ உலகிற்கு வருங்கால் அதனைப் பெருங் கம்பனியொன்றின் பெயரோடு இணைத்தே நாம் அறிகின்றோம். அதன் முதற் கருத்து எங்கே பிறந்தது, அது கருவாயிருந்த நாளில் அதனைப் பேணியவர் யாவர் என்பவற்றை வினவுவார் சிலரே. வினவிப் பார்க்கின், அவற்றுட் சில, மூவரோ நால்வரோ வேலைசெய்த சிறு கூடமொன்றிற் பிறந்தமையும், அவற்றுக்குச் செவிலித்தாயாய் நின்றது அரசின் பொதுப்பணம் என்பதும் புலனாகும். ஐக்கிய அமெரிக்காவில் இங்ஙனம் சிறு முயற்சியாளருக்கு ஆராய்ச்சிப் பணம் வழங்க இடந்தந்த சட்டம், 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் தன் காலவெல்லையை அடைந்தது. உரிய நாளில் அதனைப் புதுப்பிக்க அந்நாட்டுக் காங்கிரஸ் மன்றம் தவறிற்று. தேர்தற் செய்திகளுக்கும் போர்ச் செய்திகளுக்கும் உள்ள ஆரவாரம் இந்நிகழ்ச்சிக்கு இல்லை. எனினும், அரசு அறிவை எவ்வாறு பேணல் வேண்டும் என்னும் வினாவை இது நம்முன் வைக்கின்றது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

திட்டம் தோன்றிய வரலாறு

1977ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தில் றோலண்ட் திபெற்ஸ் என்னும் அலுவலர் ஒரு சிறு பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கினார். அரசு வெளியார்க்கு வழங்கும் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் பெருங் கம்பனிகளையுமே சென்றடைந்தது. கருத்து உண்டு, கைப்பொருள் இல்லை என்னும் நிலையில் இருந்த சிறு நிறுவனங்கட்கு அதிற் பங்கு கிடைத்தல் அரிதாயிருந்தது. திபெற்ஸ் கண்ட வழி எளியது: முதலிற் சிறுதொகை கொடுத்துக் கருத்தைச் சோதிப்பது, சோதனை தேறினாற் பெருந்தொகை கொடுத்து வளர்ப்பது, அதன்பின் சந்தையினிடம் ஒப்படைத்து அரசு விலகிக்கொள்வது.

இவ்வழியைப் பின்பற்றி 1982ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் ஜனாதிபதி ரொனால்ட் றேகன் கையொப்பமிட்ட சட்டமே சிறு தொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டத்துக்கு அடிப்படையாயிற்று. பெருமளவில் ஆராய்ச்சிப் பணம் வழங்கும் அரசாங்கத் திணைக்களங்கள், வெளியார்க்கு வழங்கும் தொகையில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கல் வேண்டும் என்பது அதன் விதி. நூற்றுக்கு 0.2 எனத் தொடங்கிய அப்பங்கு, 2017ஆம் நிதியாண்டில் நூற்றுக்கு 3.2 என்னும் அளவை எட்டியது. 1992ஆம் ஆண்டில் இதற்குத் துணைத்திட்டம் ஒன்றும் தோன்றிற்று. சிறு நிறுவனமும் பல்கலைக்கழகம் போன்றதோர் ஆராய்ச்சி நிலையமும் கைகோத்துச் செய்யும் பணிக்கு அது பணம் வழங்குவது. அதற்குரிய பங்கு நூற்றுக்கு 0.45 ஆகும்.

சுகாதாரத் துறையில் இப்பணத்தை வழங்குவதிற் தலைமையானது, மேரிலாந்து மாநிலத்துப் பெத்தெஸ்டாவில் அமைந்த தேசிய சுகாதார நிறுவகம். 27 நிறுவனங்களையும் நிலையங்களையும் தன்னுட் கொண்ட இந்நிறுவகம், அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 120 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை இவ்விரு திட்டங்கள் வாயிலாகச் சிறு நிறுவனங்களுக்கு அளித்துவந்தது. இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. நிறுவனத்தின் உரிமைப் பங்கு எதனையும் அரசு கேட்பதுமில்லை. கண்டுபிடிப்பின் உரிமையைச் சிறு நிறுவனமே வைத்துக்கொள்ள 1980ஆம் ஆண்டின் பே–டோல் சட்டம் இடந்தருகின்றது. அரசு தன் தேவைக்கு அதனைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் தனக்கெனக் கொள்கின்றது.

மூன்று படிகள்

முதற்படி, கருத்து நடைமுறைக்கு ஏலுமா என்பதை அறிவது. இதற்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காலம் உண்டு. இரண்டாம் படி முழு ஆராய்ச்சி. அதற்கு இரண்டு ஆண்டுகள். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட பொது எல்லையின்படி முதற்படிக்கு 314,363 டொலரும், இரண்டாம் படிக்கு 2,095,748 டொலரும் வழங்கலாம். செலவுக்கு மேலாக நூற்றுக்கு ஏழு வீதம்வரை நியாயமான இலாபமாகவும் கேட்கலாம். மூன்றாம் படியிற் பொருளை ஆக்கி விற்பதற்கு இத்திட்டம் ஒரு சதமும் தருவதில்லை. அங்கே முதலீட்டாளரையோ வேறு வாங்குவோரையோ நிறுவனமே தேடிக்கொள்ளல் வேண்டும்.

இப்படிகளில் ஏறிப் பயன்விளைத்தவை பல. நோயினாற் கை நடுங்குவோர், உணவைச் சிந்தாது உண்ணுதற்கென ஒரு கரண்டி ஆக்கப்பட்டது. கைப்பிடியினுள் அமைந்த உணர்கருவி நடுக்கத்தை அறிய, சிறு மோட்டர்கள் அதற்கு எதிராகக் கரண்டியின் தலையை அசைத்து நிலைநிறுத்தும். லிஃப்ட்வேர் என்னும் இக்கருவியின் ஆராய்ச்சிக்குத் தேசிய சுகாதார நிறுவகத்தின் சிறு தொழில் மானியம் துணைநின்றது. 2014இல் அதனை ஆக்கிய சிறு நிறுவனத்தைக் கூகிள் கம்பனி வாங்கிற்று. உவாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இருவரும் ஒரு பொறியியலாளரும் கூடிச் சியாற்றில் நகரத்தில் ஆக்கிய சொனிகேர் என்னும் பற்றுலக்கியும் அத்தகையதே. அரசின் சிறு மானியத்தாற் பிழைத்து, 1992இற் சந்தைக்கு வந்து, 2000ஆம் ஆண்டிற் பிலிப்ஸ் கம்பனியின் கைக்கு மாறிற்று. இன்று அப்பெயரைக் கேட்போர் பெருங் கம்பனியையே நினைப்பர். வேரைப் பேணிய பொதுப்பணம் மண்ணுள் மறைந்து கிடக்கின்றது.

வாயிலும் வாயிற்காவலும்

நம் பழம்புலவர் புரவலனை நாடிச் சென்றகாலை முதலில் எதிர்ப்பட்டவன் வாயிற்காவலன். புறத்திணையில் வாயில்நிலை என ஒரு துறையே இதற்கு உண்டு. அமெரிக்க அரசின் கொடையை நாடும் சிறு முயற்சியாளனுக்கும் வாயில்கள் உள. அவை ஒன்றல்ல, பல.

முதலாவது தகுதி. நிறுவனம் இலாபநோக்குடையதாய், ஐக்கிய அமெரிக்காவில் அமைந்ததாய் இருத்தல் வேண்டும். இணைந்த நிறுவனங்களையும் சேர்த்து வேலையாட்கள் 500 பேருக்கு மேற்படலாகாது. உரிமையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு அந்நாட்டுக் குடிமக்களிடமோ நிரந்தர வதிவுரிமை பெற்றோரிடமோ இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. தலைமை ஆய்வாளரும் தம் வேலைநேரத்திற் பாதிக்கு மேல் அந்நிறுவனத்திலேயே பணிபுரிதல் வேண்டும். துணைத்திட்டத்தில் அவர் கூட்டு நிலையத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். முதற்படியில் வேலையின் மூன்றில் இரண்டு பங்கை நிறுவனமே செய்தல் வேண்டும். துணைத்திட்டமாயின் நூற்றுக்கு நாற்பது பங்கை நிறுவனமும், முப்பது பங்கைக் கூட்டு நிலையமும் குறைந்த அளவாகச் செய்தல் வேண்டும்.

நம் நாட்டிலிருந்து உயர்கல்விக்காக அங்கே சென்றோர் ஈண்டு கவனிக்கத்தக்கதொன்று உண்டு. தலைமை ஆய்வாளர் குடிமகனாய் இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை. அந்நாட்டில் வேலைசெய்யச் சட்டப்படி உரிமையுடையராயிருத்தல் போதும். ஆனால், தற்காலிக அனுமதியோடு வாழ்வோர் தம் நிறுவனத்தைத் தாமே பெரும்பான்மையாக உடைமை கொண்டு இக்கொடையைப் பெற இயலாது. கருத்து அவர்க்கு உரியதாயினும் பெரும்பங்கு பிறர்க்கு உரியதாதல் வேண்டும். எனவே, வதிவுரிமை கிட்டும்வரை கருத்தை நெஞ்சுள் வைத்திருப்பதோ, தகுதியுடைய வேறொருவரைப் பங்காளராக்குவதோ அவர் செய்யத்தக்கது.

இரண்டாம் வாயில் பதிவுகள். அரசாங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்வோர்க்குரிய பொதுப் பதிவேட்டில் நிறுவனத்தைப் பதிந்து தனி அடையாள எண் பெறல் வேண்டும். சிறு தொழில் நிருவாகத்தின் ஏட்டில் வேறாகப் பதிதல் வேண்டும். மானிய விண்ணப்பங்களுக்கான பொதுத்தளத்தில் ஒரு பதிவு. தேசிய சுகாதார நிறுவகத்தின் சொந்தத் தளத்தில் மற்றொரு பதிவு. ஒன்றன் முடிவுக்காக மற்றொன்று காத்திருப்பதும் உண்டு. இவற்றை முடிக்க ஆறு வாரமும் அதற்கு மேலும் ஆகும் என நிறுவகமே முன்னறிவித்தல் வழக்கம். சனவரி, ஏப்பிரல், செப்டெம்பர் ஆகிய மாதங்களின் ஐந்தாம் நாள் விண்ணப்பத்துக்குரிய வழக்கமான இறுதிநாளாக இருந்துவந்தது. பதிவை இறுதிவாரத்துக்கு ஒத்திவைத்தவர், எத்துணை நல்ல கருத்தை உடையவராயினும், அடுத்த தவணைவரை வாயிலிலேயே நிற்பர்.

பெருநிறுவனத்தில் இவ்வேலைக்கெனத் தனி அலுவலகம் உண்டு. சிறு நிறுவனத்திலோ பரிசோதனைக் குழாயைக் கழுவுபவரும் படிவத்தை நிரப்புபவரும் ஒருவரே. ஒரே விதி இருவர்க்கும் ஒரே பாரமாய் இருப்பதில்லை என்பதை விதி வகுப்போர் மறந்துவிடுகின்றனர்.

ஆறு பக்கத்திற் சொல்லும் ஆற்றல்

வாயில் கடந்தபின் எஞ்சுவது எழுத்து. தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் இப்பகுதியே மிக்க சுவையுடையது.

ஆராய்ச்சியின் நோக்கங்களைக் கூற ஒரே ஒரு பக்கம், முதற்படியின் ஆராய்ச்சி வகையை விளக்க ஆறு பக்கம், அவ்வளவே. இரண்டாம் படிக்குப் பன்னிரண்டு பக்கமும், பொருளை எவ்வாறு விற்பர் என்பதைக் காட்டும் வணிகத் திட்டத்துக்கு வேறாகப் பன்னிரண்டு பக்கமும் உண்டு. பத்தாண்டுச் சிந்தனையை ஆறு பக்கத்துள் அடக்கல் வேண்டும். சூத்திரத்தின் இலக்கணம் கூறிய நம் முன்னோர், சில்லெழுத்தாற் பல்பொருளைச் செறித்தலையும் அது செவ்விதின் விளங்குதலையும் ஒருங்கே வேண்டினர். அவ்விரண்டையும் ஒருங்கே பெறுதல் எத்துணை அரிது என்பதைக் கட்டுரைத் தாள் திருத்தும் ஆசிரியர் அறிவர்.

விண்ணப்பத்தைப் படிப்போர் அரசு அலுவலர் அல்லர். துறையறிஞர் சிலர் கூடிய மதிப்பீட்டுக் குழு அதனைப் படிக்கின்றது. பொருளின் சிறப்பு, முறையின் திண்மை, செய்வோரின் தகுதி என்பவற்றை நோக்கி ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளி இடுவர். நம் பள்ளி வழக்கத்துக்கு மாறாக, இங்கே ஒன்று என்பதே உயர்ந்த புள்ளி. குழுவினரின் சராசரியைப் பத்தாற் பெருக்குவர். எனவே பத்து முதன்மை, தொண்ணூறு கடைநிலை. தாழ்ந்தனவாகத் தோன்றும் விண்ணப்பங்கள் குழுவின் கூட்டத்தில் விவாதிக்கப்படாமலே நீங்குவதும் உண்டு. அதன்பின் ஆலோசனைச் சபை ஒன்று இரண்டாமுறை நோக்கும். விண்ணப்பித்த நாள் தொடங்கிப் பணம் கைக்கு வர, யாவும் ஒழுங்காய் நடப்பினும் ஆறு முதல் ஒன்பது மாதம் செல்லும்.

இம்முறையில் ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. மறுக்கப்பட்டவருக்கும் மதிப்பீட்டாளர் கூறிய குறைகள் எழுத்தில் அனுப்பப்படும். அக்குறைகளைத் திருத்தி, 37 மாதத்துள் ஒருமுறை மீள விண்ணப்பிக்கலாம். பெரும்பாலோர் முதன்முறையிற் பெறுவதில்லை. திருத்தி எழுதியபின் பெற்றோர் உளர். அன்றியும், விண்ணப்பிக்குமுன்னரே அத்துறைக்குப் பொறுப்பான திட்ட அலுவலருக்குத் தம் நோக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதியனுப்பி, இது உம் நிறுவனத்துக்கு ஏற்றதோ என வினவலாம். அவர் வழிகாட்டுவர். பரிசில் பெற்றான் பெறாதானை வழிப்படுத்தும் ஆற்றுப்படை நமக்கு உண்டு. ஈண்டுப் பரிசில் வழங்கும் மனையின் அலுவலரே ஆற்றுப்படுத்துகின்றார். வழிகேட்க நாணுவோரே இழப்பவர்.

எழுத்தைப் பற்றி அந்நிறுவகம் 2025 யூலையில் வெளியிட்ட அறிவித்தல் ஒன்றும் நோக்கத்தக்கது. செயற்கை நுண்ணறிவுப் பொறியினாற் பெரும்பகுதி ஆக்கப்பட்ட விண்ணப்பம் விண்ணப்பித்தவரின் சொந்தக் கருத்தாகக் கொள்ளப்படாது என்றும், ஓர் ஆய்வாளர் ஓராண்டில் ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்பலாகாது என்றும், இவ்விதி செப்டெம்பர் 25 முதல் நடைமுறைக்கு வரும் என்றும் அது கூறியது. ஒருவர் ஒரே விண்ணப்பத் தவணையில் நாற்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிய செய்தியும் அவ்வறிவித்தலிற் காணப்பட்டது. சொல் மலிந்தவிடத்துப் பொருள் மெலியும். பொறி எழுதித் தருவதைத் தமதென்று காட்டும் பழக்கம் நம் வகுப்பறைகளிலும் புகுந்துவிட்ட இக்காலத்தில், இவ்விதியை மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

முதற் காசின் வலிமை

இத்திட்டத்தால் உண்மைப் பயன் விளைந்ததா என்று ஐயுறுவோர் உளர். ஐயம் நியாயமானதே. 1999இல் ஹாவட் பல்கலைக்கழகத்து யோஷ் லேணர் வெளியிட்ட ஆராய்ச்சி, மானியம் பெற்ற நிறுவனங்கள் பெறாதவற்றினும் வேகமாக வளர்ந்தமையைக் காட்டிற்று. ஆனால் அவ்வளர்ச்சி முதலீட்டாளர் மலிந்த பிரதேசங்களிலேயே காணப்பட்டது என்றும், ஒரே நிறுவனம் மேன்மேலும் மானியம் பெற்றதனால் வளர்ச்சி மிகவில்லை என்றும் அவர் கண்டார். 2017இல் சப்ரினா ஹவல் என்னும் பொருளியலறிஞர் எரிசக்தித் திணைக்களத்தின் மானியங்களை ஆராய்ந்தார். சுகாதாரத் துறை வேறெனினும் திட்டம் ஒன்றே. முதற்படி மானியம் பெற்ற நிறுவனம் பின்னர்த் தனியார் முதலீடு பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 10 என்பதிலிருந்து 19 ஆக உயர்ந்தது என்பதும், இரண்டாம் படியின் பெருந்தொகைக்கு அத்தகைய ஆற்றல் பெரிதும் காணப்படவில்லை என்பதும் அவர் கண்ட முடிபு.

இம்முடிபு சிந்திக்கத்தக்கது. பயிருக்கு முளைக்கும் வேளையில் விடும் ஒருகுடம் நீர், விளைந்தபின் விடும் வாய்க்கால் நீரினும் மேலானது. வங்கி கடன் கொடாத வேளையில், முதலீட்டாளர் முகங்கொடாத வேளையில் வரும் முதற் காசே கருத்தைக் கருவியாக்குகின்றது. அங்ஙனமாயின், அம்முதற் காசுக்குரிய வாயில் எளியதாகவும், அதனைக் கொடுக்கும் சட்டம் உறுதியானதாகவும் இருத்தலன்றோ முறை? நிகழ்ந்தது வேறு.

தடைப்பட்ட ஆண்டு

இச்சட்டம் என்றும் நிலைத்ததாக இயற்றப்படவில்லை. குறித்த ஆண்டுகட்கே நீட்டப்பட்டு வந்தது. 2008 முதல் 2011 வரை பதினான்கு முறை குறுங்கால நீட்டிப்புகளால் அது உயிர்தரித்தது. பின்னர் 2017, 2022, 2025 என எல்லைகள் வகுக்கப்பட்டன. 2022இல் எல்லைநாளன்றே நீட்டிப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. 2025இல் அதுவும் நிகழவில்லை.

அவ்வாண்டு தொடக்கமே நன்றாய் இருக்கவில்லை. சனவரியில் ஆட்சி மாறியதும் தேசிய சுகாதார நிறுவகத்தின் மதிப்பீட்டுக் குழுக் கூட்டங்கள் சில வாரம் தடைப்பட்டன. செப்டெம்பரிற் பிரதிநிதிகள் சபை ஓராண்டு நீட்டிப்பை நிறைவேற்றியும் செனற் சபையில் உடன்பாடு எய்தவில்லை. செனற் சபையின் சிறு தொழிற் குழுத் தலைவர் யோனி ஏர்ன்ஸ்ற் அம்மையார், பல மானியங்களை மீளமீளப் பெற்று அதனையே பிழைப்பாகக் கொண்ட நிறுவனங்களுக்கு எல்லை வகுத்தல் வேண்டும் என்றும், ஆராய்ச்சிப் பயன் சீனா போன்ற நாடுகளின் கைக்குப் போகாது காத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அக்குழுவின் எதிர்க்கட்சி முதல்வர் எட்வேட் மார்க்கி, திட்டத்தை நிரந்தரமாக்கல் வேண்டும் என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. லேணர் கண்ட முடிபு முன்னவர்க்குத் துணை; ஹவல் கண்ட முடிபு பின்னவர்க்குத் துணை. இரண்டையும் ஒரு சட்டத்துள் அமைத்தல் இயலாததன்று. ஆயினும் இணக்கம் காணுமுன் காலம் கடந்தது. ஒக்டோபர் முதலாம் நாள் தொடக்கம் புதிய மானியம் வழங்கும் உரிமை இல்லாதொழிந்தது. அதே நாளில் வரவு செலவுப் பிணக்கால் அரசாங்க அலுவலகங்களும் மூடப்பட்டு 43 நாள் கிடந்தன.

பரிசில் நீட்டித்த புரவலனை நோக்கிப் புலவர் பாடுவதைப் பரிசில் கடாநிலை என்பர். புலவன் வேறு புரவலனை நாடிச் செல்லலாம். உலகம் பெரிது எனத் தலைநிமிர்ந்து கூறலாம். நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய சிறு நிறுவனத்தின் தலைவன் அவ்வாறு கூற இயலாது. முதற்படியை முடித்து இரண்டாம் படிக்குக் காத்திருந்தவனுக்கு மூன்று மாதத் தாமதமும் பேரிடர். உயிரணுக்களை வளர்க்கும் கூடத்தைப் பூட்டிவைத்துப் பின்பு திறக்கமுடியாது. பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவர். இழப்புப் பெரியவர்க்குச் சிறிதாகவும் சிறியவர்க்குப் பெரிதாகவும் அமைகின்றது. மீளமீள மானியம் பெற்ற நிறுவனத்தைத் தண்டிக்க எண்ணிய விவாதத்தினால், சேமிப்புள்ள அந்நிறுவனம் பிழைத்திருப்ப, முதன்முறை விண்ணப்பித்த எளியவன் வீழ்தல் கூடும். சட்டம் பின்னர் எத்துணை ஆண்டுக்கு நீட்டப்படினும், அவ்விடைவெளியிற் கலைந்த குழு மீளக் கூடுவது அரிது.

நாம் கொள்ளத்தக்கது

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று, கொடையின் அளவினும் அதன் காலமும் உறுதியுமே சிறியோர்க்கு இன்றியமையாதன. பெருந்தொகையை அறிவித்து ஆண்டுதோறும் ஐயத்தில் நிறுத்தும் அரசினும், சிறுதொகையைக் குறித்த நாளில் தவறாது கொடுக்கும் அரசே அறிவை வளர்க்கும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் எந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.

மற்றொன்று ஆசிரியராகிய எம்மனோர்க்கு உரியது. விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கு மொழிப்பாடம் வேண்டாத சுமை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. தன் ஆராய்ச்சி எதன்பொருட்டு, யார்க்குப் பயன்படும், தவறினால் என்ன செய்வேன் என்பவற்றை ஒரு பக்கத்தில் ஐயமற எழுதத் தெரியாதவன், உலகத்தின் செல்வமிக்க அரசின் வாயிலிலும் வெறுங்கையோடு திரும்புவான். எம்மொழியில் எழுதினும் சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் பயிற்சி தாய்மொழி வகுப்பிலேயே தொடங்குகின்றது. மேல்வகுப்பு மாணவர்க்கு ‘பூஞ்சோலை’, ‘நிலாக்காட்சி’ என்னும் கட்டுரைகளோடு, தான் செய்ய விரும்பும் ஒரு பரிசோதனையைப் பற்றி ஒரு பக்க விண்ணப்பம் எழுதும் பயிற்சியையும் கொடுத்துப் பார்ப்போமாக. அவ்வொரு பக்கத்தை ஒழுங்காக எழுதும் பிள்ளைக்கு ஆறு பக்கம் அச்சம் தராது.